திட்டம் எழுதப்படும் முன்பே பேசுங்கள்: கொழும்பில் முதியோர், மாற்றுத்திறனாளிகள் சேவைகளில் நம் பங்கு

அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு பதுளையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்து பல வருஷங்களாகிவிட்டன. அம்மாவுக்கு இப்போது 81 வயது. முதுகெலும்பில் அடிபட்ட நாளிலிருந்து தம்பி சக்கர நாற்காலியில்தான். நாங்கள் வந்த புதிதில் ஒரு கந்தோரிலிருந்து முதியோர் கூட்டம் என்று அழைத்திருந்தார்கள். கூட்டம் மூன்றாம் மாடியில். லிஃப்ட் பழுது. அம்மா கீழே காவலாளியின் கதிரையில் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் மேலே போனேன். அங்கே அடுத்த வருஷத் திட்டத்தை வாசித்துக்காட்டினார்கள். கண் பரிசோதனை முகாம் ஒன்று, முதியோர் தின விழா, யாத்திரை ஒன்று. கருத்து இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். மாடிப்படியைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு வரிகூட மாறவில்லை.

அந்த அதிகாரிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் வாசித்தபோதே பணம் ஒதுக்கி முடிந்திருந்தது. நான் பிந்திப் போயிருந்தேன், அவ்வளவுதான். எப்போது போக வேண்டும், யாரிடம் போக வேண்டும், என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று எங்கள் முதியோர் சங்கத்தின் செயலாளராக இருந்த காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். கொழும்புக்குப் புதிதாக வந்தவர்களும், ஊரே இதுவானாலும் இந்த வேலைக்குப் புதியவர்களும் அந்த வருஷங்களை மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், உங்கள் கந்தோர் எது?

கொழும்பு மாவட்டத்தில் 13 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. கொழும்பு மாநகர எல்லைக்குள் வருபவை இரண்டுதான். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் பக்கம் இருப்பவர்களுக்குக் கொழும்புப் பிரதேச செயலகம். வெள்ளவத்தை, பாமன்கடை, பம்பலப்பிட்டி, கிருலப்பனை என்றால் திம்பிரிகஸ்யாய. தெஹிவளைக்குப் போய்விட்டால் பிரதேச செயலகமும் வேறு, மாநகர சபையும் வேறு. வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் நடுவே பாலத்தடியில் குடியிருப்பவர்கள் இரண்டு பக்கமும் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் பில்லையோ வரிப் பத்திரத்தையோ எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கிராம உத்தியோகத்தர், நாம் ஜி.எஸ். என்று சொல்பவர். நகரத்திலும் அவர்தான் முதல் வாசல். புதிதாகக் குடிவந்தவர்கள் பலர் பிள்ளையின் பள்ளிக்கூட அனுமதிக்காகத்தான் அவரிடம் பதிகிறார்கள். வீட்டிலுள்ள முதியவரையும் மாற்றுத்திறனாளியையும் பதிய மறந்துவிடுகிறார்கள். "அம்மா ஊர் பதிவிலேயே இருக்கட்டும்" என்று விட்டுவிடுவதும் உண்டு. அப்படி விட்டால், இந்தப் பிரிவில் எத்தனை முதியோர் என்ற கணக்கில் உங்கள் அம்மா வரமாட்டார். கணக்கில் வராத ஆளுக்குத் திட்டத்தில் இடம் எப்படி வரும்? வாக்காளர் இடாப்பிலும் பெயரை இங்கே மாற்றுங்கள். மாநகர சபையின் வட்டார உறுப்பினரிடம் போகும்போது நீங்கள் அவருடைய வட்டாரத்து வாக்காளராக இருப்பது உதவும்.

பிரதேச செயலகத்துக்குள் நீங்கள் தேட வேண்டியவர் சமூக சேவை உத்தியோகத்தர். முதியோர் விடயத்துக்கு முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று தனியாக ஒருவர் இருந்தால் அவர். பெயரையும், வெளிவேலைக்குப் போகாமல் கந்தோரில் இருக்கும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். 60 வயதானவருக்கு முதியோர் அடையாள அட்டை எடுத்திருக்காவிட்டால் அதே பயணத்தில் விண்ணப்பித்துவிடலாம்.

பெயர்ப்பலகை பற்றி ஒரு சொல். நாம் மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். சில பலகைகளில் "அங்கவீனமுற்றோர்" என்று இருக்கும், வேறு இடத்தில் "விசேட தேவையுடையோர்". தம்பிக்கு "அங்கவீனமுற்றோர்" என்ற சொல் பிடிக்காது. எனக்கும்தான். ஆனால் கந்தோரில் தேடும்போது மூன்றும் ஒரே மேசைக்குத்தான் கூட்டிப்போகும் என்று தெரிந்திருப்பது நல்லது.

எதை யாரிடம் கேட்பது

நாங்கள் அதிகம் நேரத்தை வீணாக்கியது இந்த இடத்தில்தான். கூட்டம் கூட்டமாகப் போய்க் கொடுப்பனவைக் கூட்டுங்கள் என்று பிரதேச செயலகத்தில் கேட்டோம். அந்தத் தொகையை அவர்கள் தீர்மானிப்பதில்லை. 2025ஆம் ஆண்டுப் பாதீட்டில்தான் வருமானம் குறைந்த முதியோருக்கான கொடுப்பனவை 3,000 ரூபாயிலிருந்து 5,000 ஆகவும், மாற்றுத்திறனாளிகளுக்கானதை 7,500இலிருந்து 10,000 ஆகவும் உயர்த்த முன்மொழிந்தார்கள். அது திறைசேரியும் பாராளுமன்றமும் செய்யும் வேலை. அந்தக் கோரிக்கை நிதி அமைச்சுக்கும் உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினருக்கும் போக வேண்டும். பிரதேச செயலகத்தில் கேட்கக்கூடியவை வேறு: கூட்டங்களும் நடமாடும் சேவைகளும் எங்கே நடக்கின்றன, யாருக்கு உபகரணம் தேவை என்ற பட்டியலில் யார் விடுபட்டிருக்கிறார்கள், சங்கங்களுக்கு என்ன உதவி, வீட்டை விட்டு வரமுடியாதவரிடம் உத்தியோகத்தர் போகிறாரா.

நடைபாதை, பூங்கா, நூலகம், பொதுக் கழிப்பறை, மாநகர சபை நடத்தும் மருந்தகம் எல்லாம் மாநகர சபைக்கு. முதியோர் இல்லங்கள் பெரும்பாலும் மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் கண்காணிப்பில் வரும். மேல் மாகாண சபை 2019 ஏப்ரலில் கலைந்த பிறகு பல வருஷம் அங்கே தெரிவான உறுப்பினர்கள் இல்லை, அதனால் நாங்கள் திணைக்களப் பணிப்பாளருக்கும் ஆளுநருக்கும்தான் எழுதிவந்தோம். தொடர்மாடியில் லிஃப்ட் நின்றுபோனால் அந்தக் கட்டடத்தை நிர்வகிப்பது யார் என்று முதலில் பாருங்கள், பல இடங்களில் அது நகர அபிவிருத்தி அதிகார சபை. நாடு முழுவதற்குமான கொள்கை என்றால் பத்தரமுல்ல செத்சிறிபாயவில் இருக்கும் இரண்டு செயலகங்கள்: முதியோருக்கான தேசிய செயலகம், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம்.

பிள்ளைகள் பார்க்காமல் விட்ட பெற்றோரின் முறைப்பாடு இந்தக் கட்டுரைக்குள் வராது. அதற்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபை தனியாக இருக்கிறது.

சங்கத்தில் சேருங்கள், இல்லாவிட்டால் தொடங்குங்கள்

தனி ஆளாகப் போனால் உங்கள் பேச்சு உங்கள் வீட்டுப் பிரச்சினையாகக் கேட்கும். சங்கமாகப் போனால் அது பிரிவின் தேவையாகப் பதிவாகும். இலங்கையில் முதியோர் சங்கங்களுக்கு ஒரு ஏணி இருக்கிறது: கிராம உத்தியோகத்தர் பிரிவில் ஒன்று, அதற்கு மேல் பிரதேச மட்டம், மாவட்டம், மாகாணம், தேசிய மட்டம். கீழ்ப்படியில் தெரிவானவர்தான் மேல்படிக்குப் போகிறார். ஆகவே உங்கள் பிரிவின் சங்கத்தில் வருடாந்தத் தெரிவு நடக்கும் நாளில் வீட்டிலிருந்துவிட்டால், மேலே உட்காரும் யாருக்கும் உங்கள் ஒழுங்கை தெரியாது.

எங்கள் பிரிவில் சங்கம் பெயருக்கு இருந்தது, தமிழ் பேசும் முதியோர் யாரும் அதில் இல்லை. யாரும் தடுக்கவில்லை. அழைப்புச் சிங்களத்தில் வந்தது, நாம் வாசிக்கவில்லை, நமக்கில்லை என்று நினைத்துக்கொண்டோம். முதல் கூட்டத்துக்கு நாலு பேர் போனோம். தலைவராக இருந்த சிங்கள ஐயா எழுந்து கதிரை இழுத்துப் போட்டார். அடுத்த மாதம் அறிவித்தலை இரண்டு மொழியிலும் ஒட்டினோம். தமிழ்ப் பக்கத்தை எழுதிக்கொடுத்தது எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பிள்ளை.

மாற்றுத்திறனாளிகளுக்கும் பிரதேச மட்டத்தில் சுயஉதவிக் குழுக்கள் உண்டு, சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இங்கே ஒரு விடயத்தை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அக்கா என்ற முறையில் தம்பிக்காக நானே பேசிவந்தேன், நல்ல எண்ணத்தில்தான். ஒருநாள் அவன் சொன்னான், "அக்கா, நீங்க கேட்கிறது உங்களுக்கு லேசாக இருக்கிறதை. எனக்குத் தேவையானது வேற." நான் வீட்டுக்கு வந்து உதவும் ஆளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்குத் தேவைப்பட்டது தானாக வெளியே போகக்கூடிய ஒரு பாதை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. அதன் 4ஆம் உறுப்புரை, அவர்களைப் பற்றிய சட்டத்தையும் கொள்கையையும் வகுக்கும்போது அவர்களோடும் அவர்களுடைய அமைப்புகளோடும் நெருக்கமாகக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. அந்தக் கடமை முதலில் நம் வீட்டுக்குள் தொடங்கட்டும். கூட்டத்தில் அவர்களே பேசட்டும். நாம் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஒழுங்கையைச் சுற்றிவாருங்கள்

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் 12.4 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதம் பேருக்குப் பார்ப்பதிலோ கேட்பதிலோ நடப்பதிலோ இப்படி ஏதாவது ஒன்றில் சிரமம் இருந்தது. இந்த இலக்கங்கள் அதிகாரிக்கு ஏற்கெனவே தெரியும். அவருக்குத் தெரியாதது உங்கள் ஒழுங்கை.

ஒரு சி.ஆர். கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. மாலை நாலரைக்குப் பிறகு வீடுகளில் ஆள் இருப்பார்கள். கேட்க வேண்டியவை நாலைந்துதான். 60 தாண்டியவர் எத்தனை பேர். தனியாக இருப்பவர் உண்டா. வெளியே போகச் சிரமப்படுபவர் யார், எதனால்: படியா, வடிகாலா, பஸ்ஸா. கடைசியாக எப்போது கிளினிக்குக்குப் போனார், எப்படிப் போனார். கேட்டும் கிடைக்காத சேவை எது. கிளினிக்குக்குப் போவதற்குத் திரீவீலுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஓய்வூதியமோ உதவிப்பணமோ எவ்வளவு, அதில் எவ்வளவு பயணத்துக்கே போகிறது என்று பக்கத்தில் எழுதிவைத்தால், அந்த ஒரு பக்கம் நீங்கள் பேசும் அரை மணித்தியாலத்துக்குச் சமம்.

நோயின் பெயரைக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னாலும் பெயரோடு சேர்த்து எழுதாதீர்கள். கொப்பியில் வீட்டு இலக்கம் மட்டும் இருக்கட்டும், கந்தோருக்குக் கொடுக்கும் தாளில் அதுவும் வேண்டாம், மொத்தக் கணக்கு மட்டும். மனநோய் உள்ள ஒருவரின் வீட்டு விபரம் வெளியே கசிந்து அந்தக் குடும்பம் வீடு மாற வேண்டிவந்ததை நான் பார்த்திருக்கிறேன். உதவப் போய் நாமே தீங்காகிவிடக்கூடாது.

படம் எடுங்கள். உயர்ந்த நடைபாதை விளிம்பு, மூடியில்லாத வடிகால், சக்கர நாற்காலி ஏற முடியாத வாசல். அருகே ஒரு அடிமட்டத்தை வைத்து எடுத்தால் உயரம் தெரியும். சாய்தளத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு அடி உயரம் ஏற பன்னிரண்டு அடி நீளம். பொதுக் கட்டடங்களில் எல்லோரும் நுழையக்கூடிய வசதி வேண்டும் என்ற 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளில் உள்ள சாய்வு இது. பெயருக்கு ஒரு சாய்தளம் கட்டி, அதில் நாற்காலியைத் தள்ள இரண்டு ஆள் தேவைப்படும் இடங்களை இந்தக் கணக்கால்தான் நாங்கள் அடையாளம் கண்டோம்.

எந்த மாதம்?

அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. பாதீடு வழக்கமாக நவம்பரில் பாராளுமன்றத்துக்கு வருகிறது. 2026ஆம் ஆண்டுக்கானது 2025 நவம்பர் 7ஆம் திகதி வந்தது. அதற்கு முன்பே ஒவ்வொரு திணைக்களமும் தனக்கு என்ன வேண்டும் என்று எழுதி அனுப்பிவிடுகிறது. ஆகவே எங்கள் சங்கத்தின் பழக்கம் இது: ஏப்ரல், மே மாதங்களில் ஒழுங்கைக் கணக்கெடுப்பு. ஜூனில் கூட்டம் வைத்து, கேட்கப்போகும் மூன்று விடயங்களைத் தெரிவுசெய்வது. ஜூலை முடிவதற்குள் கடிதம் கொடுப்பது. ஒக்டோபர் முதலாம் திகதி சர்வதேச முதியோர் தினம், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம். அந்த விழாக்களில் பெரியவர்கள் வருவார்கள், மாலை போடுவோம், மனுக் கொடுப்போம். போங்கள், சந்தோஷமாகப் போங்கள். ஆனால் அந்த நாளில் கொடுத்த மனு அடுத்த வருஷத் திட்டத்துக்குள் போய்ச் சேரும் என்று நம்பியிருக்காதீர்கள்.

மாநகர சபைக்கு அதன் சொந்தப் பாதீடு இருக்கிறது. சபையில் நிறைவேற்றும் முன் அந்த வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள், அதற்குப் பத்திரிகை அறிவித்தல் வரும். கொழும்பில் 47 வட்டாரங்கள். உங்கள் வட்டார உறுப்பினர் யார் என்று தெரிந்துவைத்து, வரைவு தயாராவதற்கு முன்பே, ஓகஸ்ட் மட்டில், அவரை ஒழுங்கைக்கு அழைத்துவாருங்கள். கந்தோரில் தாளைக் கொடுப்பதைவிட இது பலமடங்கு பயன் தரும். எங்கள் உறுப்பினரை ஒருநாள் தம்பியோடு சந்தி வரை வரச்சொன்னோம், நடந்தால் ஐந்து நிமிஷத் தூரம். தம்பிக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. அவர் வழியில் ஒன்றும் பேசவில்லை. சந்தியில் நின்று, "இதை எழுதித் தாங்க" என்று மட்டும் கேட்டார். அடுத்த வருஷம் வடிகால் மூடிகள் வந்தன.

கடிதம்

நீளமாக எழுத வேண்டாம். ஒரு பக்கம், ஒரு கோரிக்கை. மூன்று கோரிக்கை என்றால் மூன்று கடிதம், ஏனென்றால் அவை மூன்று மேசைகளுக்குப் போகும். கீழே உள்ளது ஒரு மாதிரிதான், இலக்கங்களை உங்கள் கொப்பியிலிருந்து போடுங்கள்.

*பிரதேச செயலாளர் அவர்களுக்கு,*
*அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒரு தேவை தொடர்பாக.*

*எமது கிராம உத்தியோகத்தர் பிரிவின் முதியோர் சங்கம் கடந்த மே மாதம் 40 வீடுகளில் விபரம் சேகரித்தது. அவற்றில் 60 வயதைத் தாண்டிய 31 பேர் வாழ்கின்றனர். இவர்களில் 12 பேரால் மாடிப்படி ஏற முடியாது. முதியோருக்கான கூட்டங்களும் நடமாடும் சேவைகளும் மேல்மாடியில் நடத்தப்படுவதால் இவர்கள் பங்குபற்றுவதில்லை.*

*எனவே அடுத்த ஆண்டு முதல் இவற்றைத் தரைத்தளத்திலுள்ள சனசமூக மண்டபத்தில் நடத்துவதற்கும், அதற்கான மண்டபச் செலவைத் திட்டத்தில் சேர்ப்பதற்கும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். எடுக்கப்படும் தீர்மானத்தைத் தமிழில் எழுத்து மூலம் அறியத்தந்தால் நன்றி உடையவர்களாவோம்.*

தலைவர், செயலாளர் கையொப்பம், திகதி. பின்னால் கணக்கெடுப்பின் சுருக்கம் ஒரு தாள், இரண்டு படம். கையொப்பம் இட முடியாதவர்களின் பெருவிரல் அடையாளமும் கையொப்பம்தான், அதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் கிடைத்ததற்கான முத்திரையும் திகதியும் பதிவு இலக்கமும் வாங்குங்கள். "வைச்சிட்டுப் போங்க, பார்க்கிறோம்" என்று அன்பாகச் சொல்வார்கள். நீங்களும் அன்பாகவே நின்று முத்திரையை வாங்குங்கள். நேரில் போக முடியாவிட்டால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்திவையுங்கள். எங்கள் சங்கத்தின் சொத்து என்று கேட்டால் இந்தப் பிரதிகளைச் சேர்த்துவைத்திருக்கும் நீலக் கோப்பைத்தான் காட்டுவேன்.

தமிழில் எழுதத் தயங்காதீர்கள். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளவும், எழுதிய அதே மொழியில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் முதலில் மரியாதையாகத் தமிழ்ப் பிரதி கேளுங்கள். மறுபடியும் கிடைக்காவிட்டால் ராஜகிரியவிலுள்ள அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம். அப்புறம், நான் நடைமுறையில் செய்யும் ஒன்று: தமிழ்க் கடிதத்தின் மேல் சிங்களத்தில் இரண்டு வரிச் சுருக்கத்தையும் குத்திவிடுவேன். உரிமையை விட்டுக்கொடுப்பதாக இதை நினைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் வரும்வரை கடிதம் ஒரு தட்டில் காத்துக்கிடக்காமல் இருப்பதற்கு அது உதவுகிறது.

கூட்டத்தில்

அழைப்பு வந்தவுடன் தொலைபேசியில் கேளுங்கள்: எந்த மாடி, லிஃப்ட் வேலை செய்கிறதா, சக்கர நாற்காலி போகும் கழிப்பறை உண்டா, தமிழில் விளக்குவார்களா, காது கேளாதவர் வந்தால் சைகை மொழிபெயர்ப்பாளர் வருவாரா. ஒரு வாரத்துக்கு முன்பே கேட்டால் ஏற்பாடு செய்ய அவர்களுக்கும் நேரம் கிடைக்கும். காலை பத்து மணிக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள், எட்டரைக்கு ஊன்றுகோலோடு பஸ் ஏற யாராலும் முடியாது. நீரிழிவு உள்ளவர்கள் பிஸ்கட் கொண்டுபோங்கள், கூட்டம் எப்போதும் நீளும்.

பேச வாய்ப்பு வந்தால் இரண்டு நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு முன்னுரை சொல்லும் பழக்கம் அதிகம். மேடையிலுள்ளவர்களுக்கு வணக்கம் சொல்லி முடிக்கும்போதே ஒரு நிமிஷம் போய்விடும். நேராக விடயத்துக்கு வாருங்கள்: எங்கே, எத்தனை பேர், என்ன வேண்டும். உட்காரும் முன் ஒரு வாக்கியம் முக்கியம்: "இதைக் கூட்ட அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்." அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் பழைய அறிக்கையை வாசிப்பார்கள். உங்கள் விடயம் அதில் இல்லாவிட்டால் அந்த நேரத்திலேயே கையை உயர்த்துங்கள்.

பிரதேச ஒருங்கிணைப்புக் குழு என்று ஒன்று கூடும், அரசியல்வாதிகளும் திணைக்களத் தலைவர்களும் ஒன்றாக உட்காரும் இடம் அது. அங்கே பொதுமக்கள் எழுந்து பேசுவது அரிது. பிரதேச செயலாளர் வழியாகவோ உறுப்பினர் வழியாகவோ உங்கள் கடிதம் அங்கே போகலாம், அப்படிப் போகக் கேளுங்கள்.

பதில் வராதபோது

ஒரு மாதம் பொறுங்கள். பிறகு நேரில் போய்ப் பதிவு இலக்கத்தைச் சொல்லிக் கோப்பு எங்கே என்று கேளுங்கள். பாதிக் கடிதங்களுக்கு இதுவே போதும்.

அதற்கும் அசையாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம், அதை எழுதிக்கொள்வது அந்த அலுவலரின் கடமை. பார்வையற்றவர்களுக்கும் கை நடுங்கும் முதியோருக்கும் இது பெரிய உதவி, பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கேள்வியைச் சரியாக அமைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "முதியோருக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் சிறுபுத்தகம் ஒன்று வரும். "கடந்த ஆண்டு எமது பிரிவில் முதியோர் சேவைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, திரும்பிப்போனது எவ்வளவு?" என்று கேளுங்கள். திரும்பிப்போன தொகையைப் பற்றிய பதில்தான் அடுத்த ஜூலைக் கடிதத்தின் முதல் வரியாக வேண்டும்.

இதே சட்டத்தின் 9ஆம் பிரிவை ஒருமுறை வாசித்துப்பாருங்கள். உள்நாட்டு நிதியில் 5 லட்சம் ரூபாயைத் தாண்டும் திட்டம் எதுவானாலும், தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே பொதுமக்களுக்கும் அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை என்று அது சொல்கிறது. அவசர வேலைகளுக்கு மட்டும் இந்தக் காலம் குறுகும். நடைபாதை புதுப்பிப்பது, கிளினிக் கட்டடம் கட்டுவது இப்படி எத்தனையோ வேலைகள் இந்தத் தொகையைத் தாண்டும். கொங்கிரீட் ஊற்றியபிறகு சாய்தளம் கேட்பதைவிட, வரைபடமாக இருக்கும்போது கேட்பது எவ்வளவு எளிது!

நீதிமன்றம் கடைசி வழி. ஆனாலும் ஒருவரை நினைவுபடுத்த வேண்டும். சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா, பொதுக் கட்டடங்களுக்குள் தம்மைப் போன்றவர்கள் நுழைய முடியாதிருப்பதற்கு எதிராக 2009இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். 2011 ஏப்ரலில் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகக் கட்டளையிட்டது. 2006 ஒழுங்குவிதிகளை இன்று நாம் கடிதத்தில் எழுதும்போது அதற்கு ஒரு கனம் இருக்கிறதென்றால், அதில் அவருடைய உழைப்பு இருக்கிறது. பாகுபாடு என்று தோன்றும் விடயங்களுக்கு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம். 2024 நவம்பரில் பார்வைக் குறைபாடுள்ள ஒருவர் முதன்முறையாக நம் பாராளுமன்றத்துக்குள் போனார், தேசியப் பட்டியல் உறுப்பினர் சுகத் வசந்த டி சில்வா. கொள்கை தொடர்பான கோரிக்கைகளின் ஒரு பிரதியை அவருக்கும் அனுப்புங்கள் என்று எங்கள் சங்கத்தில் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரியில்

புது வருஷம் பிறந்து இரண்டாம் வாரம், கோப்பை எடுத்துக்கொண்டு சமூக சேவை உத்தியோகத்தரிடம் போங்கள். பண்டிகைக் காலம், ஒரு பெட்டி கேக் கொண்டுபோவதில் தப்பில்லை. இந்த ஆண்டுக்கு அங்கீகாரமான வேலைத்திட்டத்தின் பிரதியைக் கேளுங்கள். நீங்கள் கேட்ட மூன்றில் எது உள்ளே வந்திருக்கிறது, எந்த மாதத்தில், எவ்வளவு பணம் என்று அவர் எதிரிலேயே குறித்துக்கொள்ளுங்கள். வந்ததை ஒழுங்கையில் எல்லோருக்கும் சொல்லுங்கள், கையொப்பம் போட்ட ஆச்சிக்கு முதலில். வராததற்குப் பக்கத்தில் உத்தியோகத்தர் சொல்லும் காரணத்தை அவருடைய வார்த்தையிலேயே எழுதுங்கள்: பணம் இல்லையா, வேறு திணைக்களத்தின் வேலையா, விபரம் போதவில்லையா. வேறு திணைக்களம் என்றால் அதே கடிதத்தை அன்றே அந்த முகவரிக்கு மாற்றி எழுதி, பழைய பதிவு இலக்கத்தையும் மேலே குறிப்பிட்டு, தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.